நாற்பதாவது பெயர்

1966 டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி முதல் நான் லெயோன்தீன் காஷேவுக்கு நூற்று எண்பத்தாறு பிராங்கு கடன்பட்டிருந்தேன். கடன்பட்டது எனக்கே இரண்டு மாதத்துக்கு மேல் தெரியாது. தெரிந்த நாளிலிருந்து அதைக் கொடுத்துத் தீர்க்கும்வரை உட்கார்ந்த இடத்தில் என்னால் உட்கார முடியவில்லை.

எங்கள் மோன்செலாஸ் ஒயின் உற்பத்தியாளர் சங்கத்துக்கு இது அறுபதாம் ஆண்டு. மலர் போடுகிறார்கள். பழைய தலைவர்களைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று இப்போதைய தலைவர் என் வீட்டு வாசலுக்கே வந்து கேட்டார். ஏழு தலைவர்கள். ஏழு பேரையும் எனக்குத் தெரியும். ஏழு பேரும் வருடாந்தர விருந்துக்குத் தவறாமல் வந்தார்கள் என்று எழுதினால் ஏழு பேர் கதையும் முடிந்துவிடும். நான் குமாஸ்தாவைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. ஆனால் பதினோரு ஹெக்டேர் தோட்டமும் மூன்று நிலவறையும் வைத்திருப்பவனிடம் யார் மறுத்துப் பேசுவார்கள்?

அந்தப் பதினோரு ஹெக்டேரில் ஒரு கொடிகூட என் அப்பா வைத்துவிட்டுப் போனது இல்லை. பதினோரு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டேன். அடுத்தவர் தோட்டத்தில் திராட்சைக் கூடையை முதுகில் சுமந்தேன். ஐம்பது கிலோ, செங்குத்துச் சரிவு, நாளுக்கு நாற்பது நடை. இன்றைக்கு ஜிம்முக்குப் போகிற பிள்ளைகள் ஒரு நடை ஏறட்டும், பார்க்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் படித்தவர்கள் திருத்திக்கொள்ளுங்கள். எண்களில் மட்டும் கை வைக்காதீர்கள். அவை எல்லாம் சரி.

லெயோன்தீன் எங்கள் பள்ளத்தாக்கில் பிறந்தவர் இல்லை. மேலே, சீஸ் செய்கிற மலைப்பக்கம். பதினாறு வயதில் ஏக்ஸ் ஊருக்கு ஹோட்டல் வேலைக்கு இறங்கி வந்தார். ரயில் பாதையில் வேலை பார்த்த காஷேவைக் கட்டிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்தார். காஷே நெஞ்சு நோயில் போய்ச் சேர்ந்த பிறகு, 1952இல் சங்கத்தில் குமாஸ்தா வேலைக்குச் சேர்ந்தார். முப்பத்தொரு வருடம் அதே நாற்காலி. தீயணைப்பு வண்டி நிற்கும் கொட்டகைக்கு மேலே ஒரே ஓர் அறை, அதில் ஓர் இரும்பு அடுப்பு, ஒரு பீரோ. அதுதான் சங்கம்.

இதில் வேடிக்கை என்னவென்றால் அந்த அம்மாளுக்கு ஒயின் ஆகாது. ஒரு மடக்கு உள்ளே போனால் கழுத்தெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பிவிடும். ஊரே ஒயின் குடித்துக்கொண்டிருக்கும்போது அவர் மட்டும் பால் ஊற்றின சிக்கரிக் காப்பி குடிப்பார். ஆனால் எவன் எத்தனை பீப்பாய் வைத்திருக்கிறான், எவன் தோட்டத்தில் எந்த வரிசை நோயில் கிடக்கிறது, எவன் லாரிக்காரனுக்குத் திருட்டுத்தனமாக விலை குறைத்து விற்றான் என்பதெல்லாம் அவர் விரல் நுனியில் இருக்கும். நாற்பது பேருக்கும் சேர்த்து, கொடிக்கு அடிக்கிற மயில்துத்தத்தை ஒரே வேகனில் வரவழைத்து, கிலோவுக்கு முப்பது சாந்தீம் (நூறு சாந்தீம் ஒரு பிராங்கு) குறைத்தவர் அவர். 'இந்த விலைக்குக் கீழே எவனும் விற்கக் கூடாது' என்று வருடா வருடம் கதவில் தாள் ஒட்டியவர் அவர். கையெழுத்து தலைவருடையது. எண் அந்த அம்மாளுடையது.

எல்லாவற்றுக்கும் மேலே, முத்திரைச் சீட்டு. எங்கள் பள்ளத்தாக்கின் பெயரைப் பாட்டிலில் போட வேண்டுமென்றால் பச்சை நிறத்தில் ஒரு சிறு சீட்டு ஒட்ட வேண்டும். சங்கம் சுவைத்துப் பார்த்துச் சரி என்றால்தான் சீட்டு கிடைக்கும். பாட்டிலுக்கு ஒன்று, எண்ணித் தருவார்கள். சீட்டு இல்லாத ஒயின் வெறும் ஒயின். அதை வாங்க டேங்கர் லாரிதான் வரும்.

இனி என் கதைக்கு வருகிறேன். என் கதை இல்லாமல் அந்த அம்மாளின் கதையைச் சொல்ல முடியாது.

அறுபத்தைந்து ஆகஸ்டில் பத்தே நிமிடம் ஆலங்கட்டி மழை பெய்தது. என் சரிவில் இலை இல்லை, காய் இல்லை, வெறும் குச்சிகள். அந்த வருடம் சந்தா கட்டவில்லை. அடுத்த வருடமும் கட்டவில்லை. அறுபத்தாறில் விளைச்சல் அருமை, ஆனால் கையில் காசு இல்லை. சந்தா மட்டும் இல்லை, லிட்டர் கணக்கில் ஒரு தொகையும் உண்டு. இரண்டு வருடத்துக்கும் சேர்த்து நூற்று எண்பத்தாறு. டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் கட்டாதவன் பெயரை அடித்துவிடுவார்கள் என்று தெரியும். எல்லோரும் சொல்வார்கள், யாரையும் அடித்து நான் பார்த்ததில்லை. விட்டுவிட்டேன்.

அந்தச் சரிவு குத்தகை நிலம், அரை ஹெக்டேர். சொந்தக்காரர் ஷாம்பெரியில் இருக்கும் ஒரு வக்கீல். ஜூன் இருபத்துநான்கு, புனித யோவான் திருநாளுக்குள் ஆறாயிரம் பிராங்கு கொண்டுவந்தால் நிலம் எனக்கு. இல்லையென்றால் விடுமுறை வீடு கட்டுகிறவனுக்கு. ஏக்ஸில் ஏரிக்கரை ஹோட்டல் முதலாளி என் ஒயினைக் குடித்துப் பார்த்துவிட்டு, இரண்டாயிரத்து நானூறு பாட்டில், ஒன்று இரண்டு பிராங்கு எண்பது என்று சொல்லியிருந்தார். ஆனால் பச்சைச் சீட்டு இருக்க வேண்டும். மார்ச் பதினைந்துக்குள் பதில் வேண்டும். கணக்கு போட்டுப் பாருங்கள், ஆறாயிரத்து எழுநூற்று இருபது. அதே ஒயினை டேங்கருக்கு ஊற்றினால் ஆயிரம்கூடத் தேறாது. ஆக, ஒரு பச்சைக் காகிதம்தான் என் நிலம்.

பிப்ரவரியில் ஹோட்டல் முதலாளி மறுபடி வந்து கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "கொஞ்சம் மங்கலா இருக்கோ?" என்றார். அவ்வளவுதான். அவர் கார் திரும்புவதற்குள் என் உள்ளங்கை அரிக்க ஆரம்பித்துவிட்டது. மறுநாள் காலையில் பீப்பாயை இறுத்தேன். வண்டலை அடியில் விட்டு, தெளிந்த ஒயினை வேறு பீப்பாய்க்கு மாற்றுவதுதான் இறுத்தல். மாற்றுமுன், ஒயின் கெடாமல் இருக்க, காலிப் பீப்பாய்க்குள் கந்தகத் திரி கொளுத்த வேண்டும். ஒன்று போதும். நான் இரண்டு கொளுத்தினேன். நாலாம் நாள் சங்கத்திலிருந்து மாதிரி எடுக்க வருவார்கள் என்று தெரிந்தே செய்தேன். இறுத்த ஒயின் மூன்று நாலு வாரம் கலங்கிக் கிடக்கும், வாயில் வைக்க முடியாது. எங்கள் ஊரில் யாருக்கும் இது சொல்லித்தர வேண்டியதில்லை. எனக்கும் தெரியும். கை கேட்கவில்லை.

"உன் காலுக்கு அடியில யாரோ அடுப்பு வச்சிருக்காங்க ஆந்தெல்ம்," என்றாள் என் மனைவி பெரோன். "ஒரு நாள் சும்மா இருந்தா செத்தா போயிடுவ?"

பதினான்காம் தேதி லெயோன்தீன் வந்தார். வழக்கமாகச் சாம்பல் நிற மொபெட்டில் படபடவென்று வருவார். அன்று முதுகில் கூடையோடு, முழங்கால் வரை பனியோடு நடந்து வந்தார்.

"மொபெட் எங்க மதாம்? ஆடு மேஞ்சிருச்சா?" என்றேன்.

"நடந்தா உடம்பு சூடாகுது. நீ பேச்ச விடு. இந்தப் பீப்பாய கடைசியா எப்ப இறுத்தின?"

"நவம்பர்ல."

"அதுக்கப்புறம் கை வைக்கலயே? வச்சிருந்தா சொல்லு, மார்ச் கடைசில வந்து எடுத்துக்கறேன். ஒண்ணும் குடி முழுகிடாது."

மார்ச் கடைசி! ஹோட்டல்காரருக்குப் பதினைந்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"நானா? தொட்டுக்கூடப் பாக்கல."

அவர் என் கையைப் பார்த்தார். நான் கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன். அவர் தாளில் 'இறுத்தது: நவம்பர்' என்று எழுதினார். மூன்று பாட்டில் பிடித்தார். மூன்றுக்கும் அரக்கு வைத்து முத்திரை குத்தினார். ஒன்று சுவைக்க, ஒன்று சங்கத்துப் பீரோவில் சாட்சியாக, ஒன்று என்னிடம். பனியில் அவர் இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டே, ஏமாற்றிவிட்டேன் என்று சந்தோஷப்பட்டேன். எழுபத்தெட்டு வயதில் இதை மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது.

இருபதாம் தேதி சுவைப்பு. குழுவில் ஐந்து பேர். ஒருவர் காய்ச்சலில் படுத்துவிட, அவருக்குப் பதில் என்னைக் கூப்பிட்டார்கள். பள்ளத்தாக்கில் என்னைப் போல நாக்கு எவனுக்கும் கிடையாது, அது அப்போதே ஊரறிந்த விஷயம். என் ஒயினும் மேசையில் இருக்கும், ஆனால் எது என்று எனக்குத் தெரியாது. அதற்குத்தான் லெயோன்தீன் ஒவ்வொரு பாட்டிலுக்கும் கம்பளி உறை போடுவார். செத்துப்போன புருஷனின் சாம்பல் நிற ஸ்வெட்டர்களைப் பிரித்துப் பின்னிய உறைகள். கழுத்தில் எண் கட்டியிருக்கும். கம்பளி போர்த்தினால் எவன் பாட்டிலும் ஒன்றுதான்.

ஒன்பதாம் எண்ணைச் சுவைத்ததும் நான் சத்தம் போட்டேன். "யோவ், இதுதான்யா ஒயின்! இத செஞ்சவன் கைக்கு மோதிரம் போடணும்!" அது என்னுடையது என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

லெயோன்தீன் என்னைப் பார்த்துப் பென்சிலால் மேசையைத் தட்டினார். "மொலார், பேப்பர்ல எழுது. வாய இங்க துப்பறதுக்கு மட்டும் வச்சுக்க."

பதினான்காம் எண் வந்தது. ஒரு மடக்கு எடுத்தேன், மரத்தூள் வாளியில் துப்பினேன்.

"தூ! தீக்குச்சி உரசின நாத்தம்! எவனோ அவசரக் குடுக்கை இத இறுத்துப் பத்து நாளுகூட ஆகல. திரி ரெண்டு கொளுத்தியிருக்கான். ஒண்ணு போதும்னு பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும்!"

அப்போதைய தலைவர் ஒனெசிம் ரோஷே நிதானமான மனிதர். கண்ணாடியைச் சுழற்றிப் பார்த்தார். "கந்தகம் தூக்கல்தான். ஆனா அடியில நல்ல சரக்கு இருக்கற மாதிரி படுதே?"

"அடியில என்ன இருக்கு தலைவரே? நனைஞ்ச சாக்கு இருக்கு! இதுக்குச் சீட்டு குடுத்தோம், ஏக்ஸ்காரன் நம்ம மூஞ்சில துப்புவான்."

எல்லோரும் சிரித்தார்கள். தாளை மடித்துப் போட்டோம். லெயோன்தீன் பிரித்துப் படித்தார். "பதினாலு. வேண்டாம் மூணு, வேணும் ரெண்டு. தள்ளுபடி." பிறகு உறைகளைக் கழற்றிக்கொண்டே பெயர்ப் பட்டியலை வாசித்தார். "ஒன்பது, ஒனெசிம் ரோஷே." பதினான்குக்கு வந்தபோது அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆந்தெல்ம் மொலார்."

நான் பட்டியலை எட்டிப் பார்த்தேன். பிறகு எவனோ சொன்னான்: "பால் குடிக்கிற பிள்ளை யாருன்னு தெரிஞ்சு போச்சு." அறை அதிர்ந்தது.

எல்லோரும் போன பிறகும் நான் போகவில்லை. லெயோன்தீன் கண்ணாடிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் அடுப்புக்கும் ஜன்னலுக்குமாக நடந்தேன்.

"மதாம், என் ஓட்ட நான் திரும்ப எடுத்துக்கறேன்."

"துப்புனத திரும்ப வாயில போட்டுக்கறியா? வாளி அங்கதான் இருக்கு."

"ஒரே ஒரு தாள். 'வேண்டாம்'கறத 'வேணும்'னு மாத்தினா போதும். யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும். இந்த ஆபீஸ்ல அழிக்கிற ரப்பர் கிடையாது மொலார். வாங்கவே இல்ல."

"என் நிலம் போயிடும்!"

"தெரியும்." ஈரக் கையைத் துணியில் துடைத்தார். "கேளு. ஏக்ஸ்ல ஒருத்தன் இந்தப் பாட்டில தொறந்தா, மொலாரோட ஒயின் கெட்டுப்போச்சுன்னு சொல்ல மாட்டான். நீ யாருன்னே அவனுக்குத் தெரியாது. மோன்செலாஸ் ஒயின் கெட்டுப்போச்சும்பான். மத்த முப்பத்தொன்பது பேரு உனக்கு என்ன பாவம் பண்ணாங்க?"

ஜன்னல்வரை நடந்தேன்.

"மறுசுவைப்பு கேக்கலாம். பதினஞ்சு நாள் டைம் இருக்கு. பீரோல இருக்கற பாட்டில வெளியூர் ஆளுங்க அஞ்சு பேரு சுவைப்பாங்க. அதுக்குள்ள கந்தகம் அடங்கியிருக்கும். ஆனா காரணம் எழுதிக் கையெழுத்து போடணும்."

"என்ன காரணம்?"

"அஞ்சு பேரு முன்னாடி நீயே சொன்னியே, அதான். இறுத்தேன், இறுத்தத மறைச்சேன். பொய்த் தகவலுக்கு அபராதம் இருபது பிராங்கு. பொதுக்கூட்டத்துல வாசிப்போம்."

"செத்தாலும் எழுத மாட்டேன்."

"சாகறதுக்கும் பதினஞ்சு நாள் இருக்கு. ஏழாம் தேதி சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஆபீஸ பூட்டிடுவேன்."

அந்தப் பதினைந்து நாள் நான் நடந்த தூரத்துக்கு ரோமாபுரிக்கே போயிருக்கலாம். வீட்டிலிருந்து நிலவறைக்கு, நிலவறையிலிருந்து சரிவுக்கு, சரிவிலிருந்து வீட்டுக்கு. தினமும் பீப்பாயிலிருந்து ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைப்பேன். ஐந்தாம் நாள் தீக்குச்சி. எட்டாம் நாள் கொஞ்சம் புகை. பெரோன் நிலவறைச் சாவியை எடுத்து மாவு டப்பாவில் ஒளித்தாள். "நீ நாக்கு வச்சே பாதியக் காலி பண்ணிடுவ," என்றாள். மாவு டப்பாவைக் கவிழ்த்துச் சாவியை எடுத்தேன்.

எழுதிக் கொடுப்பதில் என்ன இருக்கிறது என்று இப்போது கேட்பீர்கள். என்னிடம் அப்போது சொந்த நிலம் இல்லை, சொந்த வீடு இல்லை, காசு இல்லை. மொலார் என்றால் வேலை தெரிந்தவன் என்ற பெயர் மட்டும்தான் இருந்தது. கூடை சுமந்தவன் என்று என்னைப் பார்த்தவர்கள் நடுவே முதுகு ஒடிந்து சம்பாதித்த பெயர். வேலையும் தெரியாதவன், பொய்யும் சொன்னவன் என்று அதே ஆட்கள் முன்னால் வாசிப்பார்கள். அதை நானே எழுதித் தர வேண்டும்.

மூன்று முறை ஆபீஸ் வரை போனேன். மூன்று முறையும் படி ஏறாமல் கீழே தீயணைப்பு வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். மூன்றாம் முறை மேலே ஜன்னல் திறந்தது.

"வண்டி விலைக்கு வேணுமா மொலார்?"

பதிமூன்றாம் நாள் பீப்பாயிலிருந்து எடுத்துச் சுவைத்தபோது புகை போயிருந்தது. அடியில் இருந்தது மேலே வந்திருந்தது. ஒனெசிம் சொன்ன அதே நல்ல சரக்கு. பச்சை ஆப்பிள், ஈரக் கல், கடைசியில் ஒரு சின்னக் கசப்பு. அப்படி ஓர் ஒயினை நான் அதற்குமுன் செய்ததில்லை. நிலவறைப் படியில் உட்கார்ந்தேன். உடனே எழுந்தேன்.

ஏழாம் தேதி மத்தியானம் டேங்கர் லாரி வாசலில் வந்து ஹாரன் அடித்தது. லாரிக்காரன் கூப்பிடாமலே வந்திருந்தான்.

"என்ன மொலார், சீட்டு கெடைக்கலயாமே? லிட்டர் ஐம்பத்தஞ்சு சாந்தீம். இன்னைக்கே ரொக்கம்."

"சங்கம் போட்ட விலை அறுபது."

"அது சங்கத்து ஒயினுக்குப்பா. உன்னது இப்ப அநாத ஒயின்." சொல்லிக்கொண்டே குழாயைத் தோளிலிருந்து இறக்கினான்.

அந்தக் குழாய் முனை என் நிலவறை வாசல் கல்லில் பட்டது. அவ்வளவுதான் எனக்கு ஞாபகம். "குழாய எடு!" என்று கத்தினேனாம், பெரோன் சொல்வாள். ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஆபீஸ் படியில் மூச்சிரைக்க நின்றேன். லெயோன்தீன் கோட்டு மாட்டிச் சாவியோடு நின்றுகொண்டிருந்தார். கோட்டைக் கழற்றினார், தாளை எடுத்துப் போட்டார்.

எனக்கு எழுதுவது திராட்சை சுமப்பதைவிடக் கஷ்டம். 'நான் ஆந்தெல்ம் மொலார்' என்று தொடங்கவே நேரம் பிடித்தது. நாலு வரி. இறுத்தேன், இரண்டு திரி, கேட்டபோது இல்லை என்றேன். அவர் உதவி செய்யவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. கடிகாரம் ஐந்து அடித்தது, ஐந்தே கால் ஆனது. கையெழுத்து போட்டதும் வாங்கிப் படித்தார். நேரம் என்ற இடத்தில் 'நாலு ஐம்பது' என்று எழுதினார்.

"அஞ்சே கால் ஆச்சே மதாம்?"

"நீ உள்ள வந்தது நாலு ஐம்பதுக்கு. இந்த ஆபீஸ்ல பொய் எழுத மாட்டேன்."

பத்தாம் தேதி வெளியூர்க்காரர்கள் ஐந்து பேர் வந்தார்கள். ஆரம்பிக்குமுன் ஒனெசிம் பதிவேட்டைத் திறந்தார். "விதி ஒண்ணு இருக்கு. சந்தா பாக்கி இருக்கறவனுக்கு மறுசுவைப்பு கெடையாது. பேரு பட்டியல்ல இருக்கணும்."

பதினைந்து நாளாகக் கந்தகத்தையும் மானத்தையும் நினைத்து நடந்தவன், சந்தாவை மறந்தே போயிருந்தேன். ஒனெசிமின் விரல் பெயர்களின் மேல் இறங்கியது. முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது.

"மொலார் ஆந்தெல்ம். ரெண்டு வருஷம், நூத்தி எண்பத்தாறு. டிசம்பர் முப்பத்தொண்ணு. கட்டியாச்சு. நாப்பதாவது பேரு."

நான் வாயைத் திறந்தேன்.

"ஜன்னலச் சாத்து மொலார், காத்து வருது," என்றார் லெயோன்தீன். "சாத்திட்டுக் கீழ போ. விண்ணப்பம் போட்டவன் உள்ள நிக்கக் கூடாது."

கீழே போனேன். தீயணைப்பு வண்டியைச் சுற்றினேன். எண்ணினேன், எண்ணாமல் இருக்க முடியவில்லை. அறுபத்தொன்றாவது சுற்றில் படியில் காலடி கேட்டது. லெயோன்தீன் இறங்கி வந்தார். கையில் பச்சைச் சீட்டுச் சுருள்கள்.

"வேணும் நாலு, வேண்டாம் ஒண்ணு. ரெண்டாயிரத்து நானூறு இருக்கு, எண்ணிக்க."

நான் எண்ணவில்லை. "யாரு கட்டினது மதாம்?"

"எத?"

"நூத்தி எண்பத்தாற."

"மொபெட்." சர்வசாதாரணமாகச் சொன்னார். "நானூத்து முப்பதுக்கு வித்தேன். உன்னோட சேத்து மூணு பேரு பாக்கி. மத்த ரெண்டு பேரு யாருன்னு கேக்காத, சொல்ல மாட்டேன்."

ஏதோ சொல்லப் போனேன். அவர் கையை உயர்த்தினார்.

"உன் மீசையப் பாத்து மயங்கிக் கட்டினேன்னு நெனச்சுக்காத. சீட்டு குடுக்கற அனுமதில குறைஞ்சது நாப்பது பேரு வேணும்னு எழுதியிருக்கு. முப்பத்தொன்பதானா அனுமதி போச்சு, நம்ம சங்கத்தப் பக்கத்துப் பள்ளத்தாக்கோட ஒட்ட வச்சுடுவாங்க. அவங்க கூட்டத்துல நம்ம ஆளு கைய தூக்கினா எவன் பாப்பான்? அப்புறம் இந்த அடுப்பும் பீரோவும் நானும் எங்க போறது? டிசம்பர் முப்பத்தொண்ணு சாயங்காலம் வரைக்கும் ஒருத்தனாவது வருவான்னு ஜன்னல்லயே நின்னேன். எவனும் வரல."

"அப்ப ஏன் என்கிட்ட கேக்கல?"

"கேட்டா குடுத்திருப்பியா?"

உண்மைதான். திட்டியிருப்பேன்.

"கடன்தான் மொலார், தானம் இல்ல. ஒயின் போனதும் கொண்டா. ஒரே தவணை."

பொதுக்கூட்டத்தில் என் நாலு வரியை வாசித்தார்கள். நான் முன் வரிசையில் நின்றேன், உட்காரவில்லை. கொஞ்சம் பேர் சிரித்தார்கள். ஒனெசிம் எழுந்து, "ஆனா ஒண்ணு. கம்பளிக்குள்ள இருந்த பாட்டில்ல ரெண்டு திரின்னு எண்ணிச் சொன்ன நாக்கு இந்தப் பள்ளத்தாக்குல வேற எவனுக்கும் கெடையாது," என்றார். கை தட்டினார்கள். அதற்குப்பின் பதினெட்டு வருடம் சுவைப்புக் குழுவில் என் நாற்காலியில் வேறு யாரும் உட்காரவில்லை. இதையும் மலரில் போடுங்கள்.

ஏப்ரல் முழுதும் லெயோன்தீன் நடந்தே போனார். என் சரிவிலிருந்து பார்த்தால் கீழே சாலை தெரியும். கூடை மட்டும் நகர்ந்து போவது போல இருக்கும். நான் கொடி கட்டிக்கொண்டிருப்பேன், கை வேலை செய்யும், கண் அந்தக் கூடையிலேயே இருக்கும். மேல் ஊருக்கு ஏழு கிலோமீட்டர். ஒரு நாள் ஓடிப்போய் வழியை மறித்து, "பாதியாவது இப்ப வாங்கிக்குங்க, பெரோன் கோழி வித்த காசு" என்றேன்.

"ஒரே தவணைன்னேன். வழி விடு, மழ வருது."

மே இருபதாம் தேதி ஏக்ஸ் ஹோட்டலில் கடைசிப் பெட்டி இறங்கியது. முதலாளி மேசையில் ஆறாயிரத்து எழுநூற்று இருபதை எண்ணி வைத்தார். காப்பி சாப்பிட்டுப் போங்கள் முசே என்றார். நான் நிற்கவில்லை. வக்கீல் வீடு ஷாம்பெரியில் வழியிலேயே இருந்தது, அங்கும் இறங்கவில்லை. பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றே வந்தேன். நோட்டுக் கட்டு சட்டைக்குள் சூடாக இருந்தது. ஊர்ச் சதுக்கத்தில் பஸ் முழுதாக நிற்குமுன் குதித்தேன்.

லெயோன்தீன் கொட்டகை வாசலில் நின்று கம்பளி உறைகளைத் துவைத்துக் கயிற்றில் காயப் போட்டுக்கொண்டிருந்தார். காசை நான் ஒரு வெள்ளைக் கவரில் போட்டு வைத்திருந்தேன், கௌரவமாக இருக்கட்டும் என்று. நீட்டினேன்.

"கவர் எதுக்கு? கைல எண்ணு."

ஈரக் கையைப் பாவாடையில் துடைத்து வலது உள்ளங்கையை விரித்தார். எண்ணினேன். ஐம்பது, நூறு, நூற்று ஐம்பது. மூன்று பத்து. ஓர் ஐந்து. கடைசியாக ஒரு பிராங்கு நாணயம். நூற்று எண்பத்தாறு. அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது, அவரும் எண்ணினார். மடித்துப் பைக்குள் வைத்தார்.

அப்பாடா என்று திரும்பினேன்.

"எங்க போற?"

பார்த்தேன். இப்போது இடது கை விரிந்திருந்தது.

"அது என்னோடது. இது சங்கத்தோடது. பொய்த் தகவல், இருபது."

சட்டைப் பையைத் துழாவி இரண்டு பத்து பிராங்கு வெள்ளி நாணயங்களை எடுத்தேன். ஒன்று, இரண்டு என்று அவர் இடது உள்ளங்கையில் வைத்தேன்.